துப்பாக்கி என்று சொன்னால் ஒரு காபி

எங்கள் அலுவலகத்தில் யாராவது வாய்தவறி துப்பாக்கி என்று சொல்லிவிட்டால், அவர் மற்ற எல்லோருக்கும் காபி போட்டுத் தர வேண்டும். துப்பாக்கி விற்கிற கம்பெனியில்தான் இந்தச் சட்டம். கீழே கடை, நடு மாடியில் சரக்கு, மேல் மாடியில் விளம்பரப் பிரிவு என்று நாங்கள் பதினோரு பேர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைப் பற்றியே எழுதுகிறோம், அதையே படம் பிடிக்கிறோம். பெயரை மட்டும் சொல்லக் கூடாது. கசாப்புக் கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இங்க ரத்தம்னு யாரும் பேசாதீங்க, எனக்கு மயக்கம் வரும்" என்றானாம். அந்தக் கதைதான்.

சட்டம் போட்டவர் எங்கள் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாசூக்கு. தும்மல் வந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். இடது பக்கம் சொல்லக் கூடாதவை, வலது பக்கம் சொல்ல வேண்டியவை. துப்பாக்கி என்றால் துணை. தோட்டா என்றால் நிரப்பு. சுடும் என்றால் செயல்படும். சுடப்பட்டுச் செத்தவன் என்றால் விலக்கப்பட்ட ஆபத்து. குறி தவறி வேறு யாராவது செத்தால் எதிர்பாராத விளைவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பட்டியலில் பாதி நான் போட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, பெருமையோடுதான் போட்டேன். 'வீடு தூங்கும்போது தூங்காத துணை' என்ற வரியும் என்னுடையதுதான். ஊரில் ஓடுகிற பேருந்துகளில் பாதியின் முதுகில் அது இருந்தது. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற பேருந்தில் என் வரியைப் பார்த்தால், பெற்ற பிள்ளை மேடையில் ஏறியது போல் நெஞ்சு நிமிரும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை. ஏழு வருஷம் ஏற்றினேன். பழத்தை யார் தின்கிறார்கள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

தின்றவர்களில் ஒருவர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நோயாளிகள் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும், "சாப்பாட்டுக்கு அப்புறம்மா, ரெண்டு வேளை" என்று பதினோராவது தடவையும் பொறுமையாகச் சொல்வார். மாப்பிள்ளை என்றால் இப்படி வாய்க்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். போன வருஷம் ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, பஸ் பின்னாடி உங்க வரியைப் பாத்தேன். மனசுல பட்டுச்சு. நம்ம வீட்டுக்கும் ஒரு துணை வேணும்ல?"

நானே அவரைக் கீழே கடைக்கு அழைத்துப் போனேன். நானே நாலைந்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இது நல்லா அடங்கி உக்காரும் மாப்பிள்ளை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் தங்கையின் செலவில் வைத்தேன்.

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் தங்கை சின்னவள் நிற்கிறாள், தன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிற கடையில் வேலை செய்கிறாள்; வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பது அவள் பொறுப்பு. கடைச் சீருடை போட்டிருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலைக்குக் கிளம்புவது போலவே கிளம்பியிருக்கிறாள். ஆனால் காலில் ஒரு செருப்பு அவளுடையது, இன்னொன்று அவருடையது.

"என்னடி இது? பாப்பாவுக்கு ஸ்கூல் இல்லையா?"

"உள்ள வரலாமாக்கா?" என்றாள். என் வீட்டுக்குள் வர அவள் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

பாப்பாவுக்கு ஏழு வயது. பாலை ஆற்றிக் கொடுத்தேன். மேல் உதட்டில் நுரையோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பெரியம்மா, நேத்து அப்பாவோட துணைக்குக் கோவம் வந்துருச்சு."

கோபம் வந்தது அப்பாவுக்கு இல்லை. துணைக்கு. என் சொல் அந்தப் பிள்ளையின் வாயில் பால் நுரையோடு உட்கார்ந்திருந்தது.

பாப்பாவைக் கீழ்வீட்டு டீச்சரிடம் விட்டுவிட்டு வந்து சமையலறையில் சின்னவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. மேடையில் சாய்ந்துகொண்டு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகச் சொன்னாள்.

"முதல்ல பீரோக்குள்ளதான் இருந்துச்சுக்கா. அப்புறம் சாப்பிடறப்ப தட்டுக்குப் பக்கத்துல வர ஆரம்பிச்சுது. ஏன்னு கேட்டா, துடைக்கணும், அதான்னு சொல்வாரு. துடைச்சு நான் பாத்ததே இல்ல. அதோட வாய் என் பக்கம் இருக்கற மாதிரிதான் வைப்பாரு. நான் நாற்காலி மாறி உக்காந்தா, அதுவும் திரும்பும். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ரசம் நல்லாருக்குன்னு மட்டும் சொல்வாரு."

"எத்தனை நாளா?"

"வாங்கி ஒரு மாசத்துலேர்ந்து."

"ஒரு வருஷமா என்கிட்ட சொல்லணும்னு தோணலையாடி?"

"என்னன்னு சொல்றது? மேசை மேல வெச்சாருன்னா? உன் வீட்டுக்காரர் மேசை மேல ஒரு சாமானை வெச்சதுக்கா அழறேன்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்டிருப்பார்கள். நானே கேட்டிருப்பேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"நேத்து என்ன ஆச்சு?"

"மதியம் ஒரு வீட்ல ஏணி மேல நின்னு அளந்துட்டு இருந்தேன். போன் அடிச்சுது, எடுக்க முடியல. ரெண்டு தடவை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குக்கர்ல பருப்பை வெச்சதும், உக்காருன்னாரு. உக்காந்தேன். எடுத்து என் நெத்தியில வெச்சாரு. இங்க." பொட்டுக்கு ஒரு விரல் மேலே தொட்டுக் காட்டினாள். "அடுத்த தடவை எடுப்பல்லன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. பாப்பா கதவுகிட்ட நின்னுட்டு இருந்தா."

"எவ்ளோ நேரம்டி?"

"குக்கர் மூணு விசில் அடிச்சுது."

சுருட்டின நாடாவை மறுபடி பிரித்தாள்.

"அப்புறம் எடுத்துட்டாரு. பயந்துட்டியா, துணைதானேன்னு சிரிச்சாரு. சாப்பாடு போடுன்னாரு. போட்டேன்."

எனக்கு அந்த ஆளைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வேண்டும் போல் இருந்தது. மூன்று விசில்! பருப்பு வேகிற நேரம் முழுக்க ஒரு மனுஷியின் நெற்றியில் துப்பாக்கி வைத்துவிட்டு, அந்தப் பருப்பையே பிசைந்து தின்றிருக்கிறான். மரியாதை எல்லாம் என் மனசுக்குள் அந்த நிமிஷமே கழன்று விழுந்துவிட்டது. ஆனால் நாக்கு பழக்கத்தை விடவில்லை. இன்னும் 'அவர்' என்றுதான் வருகிறது.

பத்து மணிக்குக் குடும்பப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தோம். நீளமான அறை, சுவரோரம் பெஞ்சு, நாலு மேசை, அதில் மூன்று காலி. நாலாவதில் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். விஷயத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே விதியைச் சொன்னார்.

"எழுதிக் குடுங்க. வாயால சொல்றதை எடுத்துக்கறதில்ல. எழுத வராதவங்களா இருந்தா மட்டும் நாங்களே கேட்டு எழுதிக்குவோம். ஆயுதத்தால மிரட்டல்னு மனுவுல தெரிஞ்சா இன்னிக்கே போய் எடுத்துட்டு வந்துருவோம், நீதிபதி சொல்ற வரைக்கும் அவர் இந்தம்மா கிட்ட வர முடியாது. அப்படி இல்லேன்னா போன்ல கூப்பிட்டு அறிவுரை சொல்லி அனுப்பிருவோம்."

"எழுதறதுதாங்க என் தொழிலே," என்றேன். கரும்பு தின்னக் கூலியா!

இருபது நிமிஷத்தில் இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சின்னவள் படித்தாள். படித்து முடித்தும் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள் என்று நெகிழ்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கொழுப்புதான். கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒரு மணிக்கு என் போன் அடித்தது. பாதுகாப்பு அலுவலகம் இல்லை, மாப்பிள்ளை.

"அக்கா, சாப்ட்டீங்களா? இப்பதான் ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. நீங்க எழுதினதை எனக்கு அப்படியே படிச்சுக் காட்டினாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே கொஞ்சம் சங்கடமாப் போச்சு. அசௌகரியம் ஏற்பட்டதுன்னு போட்டிருந்தீங்க. தப்புதான், நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே பாத்து நடந்துக்கங்கன்னு அவங்களும் சொன்னாங்க, சரின்னுட்டேன். ஆறு மணிக்குக் கடையை ஆள்கிட்ட விட்டுட்டு வர்றேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட சொல்லிடுங்க."

"மாப்பிள்ளை..."

"அவ போனை எடுக்க மாட்டேங்கறாக்கா. இன்னிக்கும்," என்றார். வைத்துவிட்டார்.

பிரதியை எடுத்துப் படித்தேன். இப்படி எழுதியிருந்தேன்:

'கருத்து வேறுபாட்டின்போது என் கணவர் தம்மிடமுள்ள பாதுகாப்புச் சாதனத்தை என் அருகே கொண்டுவந்து, இனி அலைபேசி அழைப்புகளைத் தவறாமல் ஏற்குமாறு அறிவுறுத்தினார். இதனால் எனக்கும் குழந்தைக்கும் அசௌகரியம் ஏற்பட்டது. மேற்படி சாதனம் இல்லத்தில் இருப்பது குறித்து மறுபரிசீலனை தேவைப்படுகிறது.'

இரண்டு பக்கமும் இதே லட்சணம். நெற்றி இல்லை. குக்கர் இல்லை. கதவோரம் நின்ற பிள்ளை இல்லை. அவள் நாற்காலி மாறி உட்கார்ந்தால் கூடவே திரும்பிய அந்த வாய் இல்லை. துப்பாக்கி என்ற சொல்லை ஒரு இடத்தில்கூடக் காணோம். மனு எழுதின அலுவலகத்தில் பட்டியல் ஒட்டின சுவர் கிடையாது. நாசூக்கு பின்னால் நின்று எட்டிப் பார்க்கவில்லை. இருந்தும் என் கை தன்பாட்டுக்குப் பூசி மெழுகியிருக்கிறது. என் கூடப்பிறந்தவளைக் கொல்லப் பார்த்தவனுக்கு நான் விளம்பரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் இவளுடைய கையெழுத்தையும் வாங்கியிருக்கிறேன்.

"நீ படிச்சியேடி! படிச்சப்பவாவது இது என்ன எழவுன்னு கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். என் மேல் வர வேண்டிய ஆத்திரம், அதற்கும் அவள்தான் கிடைத்தாள்.

சின்னவள் நாடாவைக் கீழே வைத்தாள். "கேக்கணும்னுதான் நினைச்சேன். ஆனா படிக்கப் படிக்க, ஓ, இவ்ளோதான் நடந்துச்சா, நாமதான் பெருசு பண்றோம் போலன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுருச்சு. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்."

நாசூக்கின் சுவரில் எத்தனை வருஷம் சொல் சொல்லாக ஒட்டினேன்! வாங்குகிறவன் மனசு கூசாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒட்டினேன். மாட்டிக்கொண்டவளுக்கும் அது மரத்துப்போகிற மருந்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு மணிக்கு மறுபடி அதே பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். பாதியில் என் போன் அடித்தது. நாசூக்கு.

"லீவ்ல இருக்கீங்க, தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். அந்தப் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைங்களுக்குன்னு சின்ன அளவுல வருதே, அதுக்கு வரி ஆச்சாம்மா? நான் 'குட்டித் துணை'ன்னு யோசிச்சேன். கொஞ்சம் கொஞ்சலா இருக்கட்டுமேன்னு..."

"துப்பாக்கி," என்றேன்.

"என்னம்மா?"

"துப்பாக்கி, துப்பாக்கி, துப்பாக்கி. சின்னப் பிள்ளைங்க கையில துப்பாக்கி. அஞ்சு தடவை ஆச்சா? எல்லாருக்கும் காபி நீங்களே போட்டுக் குடுங்க. நான் இனிமே வரல."

பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். ஏழு வருஷத்தில் நான் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நாக்கில் இரும்புச் சுவை அடித்தது.

எங்கள் முறை வந்தபோது மூன்றே முக்கால்.

"உங்க மனு முடிஞ்சு போச்சேம்மா," என்றார் அந்த அம்மாள். "மறு மனு திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமை வரைக்கும் இவ உயிரோட இருக்கணுமேங்க."

"என்ன பேசறீங்க? அசௌகரியம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதினது நான். நெத்தி இவளோடது. அந்த மனுவைக் கிழிச்சுப் போடுங்க. இவளுக்கு எழுத வராது, நீங்களே கேட்டு எழுதுங்க. காலையில சொன்னீங்கல்ல?"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கும் எழுத வராதுங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தவங்க பேசற பேச்சா இது?"

"அதைப் படிச்சுட்டுமா கேக்கறீங்க?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாள் எடுத்தார். சின்னவளைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார்.

சின்னவள் சொன்னாள். என்னிடம் சொன்னது போலவே, ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே முணுமுணுப்பாகப் படித்தார்: "கணவர் பாதுகாப்புச் சாதனத்தை எடுத்து..."

"சாதனம் இல்லீங்க," என்றாள் சின்னவள். "துப்பாக்கி."

எழுதியதை அடித்துவிட்டு மேலே திருத்தினார். சின்னவள் தொடர்ந்தாள். நெற்றி வந்தது. போனை எடுப்பாயா என்ற கேள்வி வந்தது. பிள்ளை நின்ற இடம் வந்தது. குக்கர் மூன்று விசில் என்றபோது பேனா நின்றுவிட்டது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப அது எங்கேம்மா இருக்கு?"

"அவர் இடுப்புல. எங்க போனாலும் அங்கதான்."

"அவரு எங்க?"

"கடையில. ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்துருவாரு, என்னைக் கூட்டிட்டுப் போக."

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். காலி மேசைகளுக்குப் பின்னால் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் வீட்டில் இரண்டு காவலர்கள் இருந்தார்கள். ஒருவர் தொப்பையும் நரைத்த மீசையுமாகப் பெரியவர். இன்னொருவர் இளம்பெண், கதவுக்குப் பின்னால் நின்றாள். பாப்பா கீழ்வீட்டில் இருந்தாள். சின்னவளைப் படுக்கையறையில் இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

மாப்பிள்ளை சரியாக ஆறு மணிக்கு வந்தார், கையில் பாப்பாவுக்கு பிஸ்கட்டோடு. காவலர்களைப் பார்த்து முகம் மாறியது ஒரு நொடிதான். உடனே நோயாளிகளிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"தாராளமா எடுத்துக்குங்க சார். லைசென்ஸ் கடையில இருக்கு. வீட்டுக்கு ஒரு பாதுகாப்பா இருக்கட்டுமேன்னுதான். அக்காவே பாத்து வாங்கிக் குடுத்தது."

காவலர் அதை அவர் இடுப்பிலிருந்து உருவி, என் மேசை மேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். அடிப்பக்கத்தை இழுத்ததும் தோட்டாப் பெட்டி கழன்றது. எண்ணினார், ஏழு. அப்புறம் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளேயிருந்து இன்னொன்று துள்ளி விழுந்து, உருண்டு, உப்பு ஜாடியில் இடித்து நின்றது.

"ஒண்ணை உள்ள ஏத்தியே வெச்சிருக்கீங்களே சார்," என்றார் காவலர். "விரல் அசைஞ்சா போதும்."

சின்னவளின் கை மெதுவாக மேலே போய் நெற்றியைத் தொட்டது.

காவலர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன். தலைப்பில் 'உடைமைகள் ஒப்படைப்பு' என்று இருந்தது. கைக்கடிகாரம், சங்கிலி, செல்போன் எல்லாம் வாங்கி வைக்கிற படிவம். கீழே பொடி எழுத்தில், 'ஏழு நாளில் உரியவரிடம் திருப்பித் தரப்படும்' என்றிருந்தது. அவர் எழுதியிருந்தது: 'பாதுகாப்புச் சாதனம் - 1.'

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"இதுக்குன்னு தனியா படிவம் இல்லையா?"

"இருக்கு. ஆயுதப் படிவம். அது நாலு பக்கம், கார்பன் வெச்சு எழுதணும். எப்படியும் பொருள் எங்ககிட்டதானே இருக்கப்போகுது? சாதனம்னாலும் துப்பாக்கின்னாலும் எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுதானே? அப்ப துப்பாக்கின்னே எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற இளம்பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று, "நான் எழுதறேன் சார்" என்று வந்து உட்கார்ந்து கார்பனை அடுக்கினாள். நாலு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது. அதுவரை மாப்பிள்ளை பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "நீங்களே இப்படிப் பண்றீங்களேக்கா" என்றார். எழுத்தெல்லாம் சொல்லித் தந்த டீச்சர் பரீட்சையில் கைவிட்டது போல் அப்படி ஒரு வருத்தம் அந்தக் குரலில்.

"இது விதி சார்," என்று அந்தப் பெண் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். "ஆயுதப் படிவத்தை உரியவர் வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். மனுதாரர் முன்னாடி."

அவர் படிக்க ஆரம்பித்தார். "ஒப்படைக்கப்பட்டவை. கை..." நின்றார். தொண்டையைச் செருமினார். "சாதனம்னே படிச்சுக்கறேனே?"

"எழுதினதைத்தான் சார் படிக்கணும்."

"கைத்துப்பாக்கி ஒன்று," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நாங்கள் யாரும் கேட்டதில்லை. "தோட்டாக்கள் எட்டு. அவற்றில் ஒன்று சுடத் தயாராக உள்ளே ஏற்றப்பட்டிருந்தது. மேற்படி துப்பாக்கி மனைவியின் நெற்றியில் வைத்து மிரட்டுவதற்குப் பயன்பட்டது." ஒவ்வொரு வரிக்கும் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"நேத்து என் நெத்தியில வெச்சீங்கல்ல," என்றாள் சின்னவள். "அப்பவும் அது உள்ள இருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணால் கேட்டார், ஒரே ஒரு சொல். வலிக்காத மாதிரி, கேட்கிறவள் சரி என்று தலையாட்டுகிற மாதிரி ஒன்று. கேட்டவர்களுக்கெல்லாம் ஏழு வருஷம் அதைத்தானே எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

"அவதான் கேட்டா," என்றேன். "அவகிட்ட சொல்லுங்க."

"எப்பவுமே உள்ள இருக்கும்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஒரு வருஷம், தினமும் இரண்டு வேளை அவள் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், பக்கத்தில் அந்தப் பிள்ளை. சின்னவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை.